கடற்கோளும் கட்டளைச் சொல்லும்

கவிதைக்குத் திறனாய்வு உண்டு, சிறுகதைக்கு உண்டு, பாடநூலுக்கும் உண்டு. ஆயின், மக்கள் உயிரைக் காப்பதற்கென்றே எழுதப்பெறும் ஏட்டினைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொண்டாரைக் காண்பது அரிது. பல்கலைக்கழக வளாகங்களில் பணிபுரிவோர்க்கென வகுக்கப்பெறும் அவசரகால ஏற்பாட்டு ஏடு இத்தகையது. தீப்பற்றினால் செய்ய வேண்டுவது யாது, வெள்ளம் புகுந்தால் செல்ல வேண்டிய இடம் யாது, ஆய்வுக்கூடத்தில் நச்சுப்புகை பரவினால் யார் யாருக்கு அறிவிப்பது என்பனவற்றை அது உரைக்கும். உரைத்தபின் அலமாரியில் இருக்கும். தணிக்கைக்கு வருவோர்க்கு எடுத்துக் காட்டப்பெறும். மீண்டும் அலமாரிக்குத் திரும்பும். அதன் நடை எத்தகையது, அது யாரை நோக்கிப் பேசுகிறது, படித்தவர் நெஞ்சில் எது நிற்கும் என்னும் வினாக்களைப் பொறியியலார்க்கு விட்டுவிட்டுத் தமிழாசிரியர்கள் ஒதுங்கிவிடல் ஆகாது. சொல்லைப் பற்றிய வினாக்கள் சொல்லறிந்தார்க்கும் உரியனவே.

மலேசியாவில் இவ்வினாக்கள் இன்று முன்னிலும் கூர்மை பெற்றுள்ளன. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பெற்றது. அத்திருத்தம் 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. பணியாளர் வேலையில் இருக்கும்போது நேரக்கூடிய அவசர நிலைகளுக்கான நடைமுறைகளை வகுத்துச் செயற்படுத்துவது, பணியில் அமர்த்துவோரின் கடமை என்று அத்திருத்தம் வெளிப்படையாகவே கூறுகிறது. பல்கலைக்கழகமும் ஆட்களைப் பணியில் அமர்த்தும் ஓர் அமைப்பே. ஆதலின் ஏடு இருத்தல் வேண்டும் என்பதில் வழக்கில்லை. ஏடு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதே வழக்கு.

தீவின் பின்புறம்

பினாங்குத் தீவின் மேற்குப் பக்கத்தில் அமைந்துள்ளது பாலிக் புலாவ். தீவின் பின்புறம் என்று பொருள்படும் பெயர் அது. ஜார்ஜ் டவுனுக்கும் இவ்வூருக்கும் நடுவே மலை நிற்கிறது. டுரியானும் சாதிக்காயும் கிராம்பும் செழித்த சரிவுகள் நிற்கின்றன. கிழக்குக் கரை பெருநிலத்தை நோக்கியிருக்க, மேற்குக் கரையோ மலாக்கா நீரிணை அகன்று விரியும் திறந்த கடலை நோக்கியிருக்கிறது.

பாலிக் புலாவ் அடங்கிய தென்மேற்கு மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், தெலுக் பாஹாங்கை அடுத்த தேசியப் பூங்காவுக்குள், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையம் இருக்கிறது. அங்குச் செல்வோர் படகில் செல்ல வேண்டும். அன்றேல் காட்டுவழியே நடக்க வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் தீவின் கிழக்கே, கெளுகோரில், பழைய மிண்டன் படைமுகாம் இருந்த நிலத்தில் அமைந்துள்ளது. ஒரே பல்கலைக்கழகத்தில் ஊதியம் பெறுவோர் இருவருள் ஒருவர் நகரத்துச் சாலையோரம் வேலை செய்கிறார். மற்றவர் அலைவாய்க் கரையில் வேலை செய்கிறார். இருவர்க்கும் ஒரே ஏடு, ஒரே சொல்லில் போதுமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரம் காலை 8 மணி 58 நிமிடத்தில் வட சுமத்திராவுக்கு மேற்கே கடலடி நிலம் பெயர்ந்தது. அதன் அதிர்வைப் பினாங்கிலும் மக்கள் உணர்ந்தனர். கடல் பொங்கிப் பினாங்குக் கரையில் ஏறியபோது பிற்பகல் ஒரு மணி கடந்திருந்தது. மலேசியாவில் மாண்டவர் 68 பேர். அவருள் 52 பேர் பினாங்கைச் சேர்ந்த கரைகளில் மாண்டனர். பாலிக் புலாவின் கடற்கரைக்கு விடுமுறை நாளைக் கழிக்க வந்த குடும்பத்தாரும் அவர்களுள் அடங்குவர்.

நிலம் அதிர்ந்ததற்கும் நீர் ஏறியதற்கும் இடையே நான்கு மணி நேரம் இருந்தது. கரையோரத்துப் பள்ளி ஒன்றையோ விடுதி ஒன்றையோ ஒருமுறைக்குப் பன்முறை காலி செய்யப் போதுமான நேரம் அது. காலையில் உணர்ந்த அதிர்வையும் நண்பகலில் பின்வாங்கிய கடலையும் இணைத்துப் பொருள் காட்டும் சொல் ஒன்று அன்று மக்கள் வாயில் இல்லை. சுனாமி என்னும் சொல்லே தமிழர் பெரும்பாலோர்க்கு அன்றைய மாலையில்தான் அறிமுகமாயிற்று. நேரம் இருந்தது, சொல் இல்லை.

ஒரு சொல் காத்த தீவு

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் அதே நாளில் அதே கடலில் நடந்தது. சுமத்திராவின் மேற்கே சிமலூ என்னும் தீவு உள்ளது. நிலநடுக்கத்தின் பிறப்பிடத்திற்கு மிக அண்மையில் இருப்பதால், அதன் வடகரையில் பத்து நிமிடத்திற்குள்ளாகவே அலை வந்து மோதியது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் மாண்டோர் எழுவர் மட்டுமே என்று பதிவாகியுள்ளது.

அத்தீவினரிடம் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. அச்சிட்ட ஏடும் இருக்கவில்லை. ‘ஸ்மோங்’ என்னும் ஒரு சொல் இருந்தது. 1907ஆம் ஆண்டில் அத்தீவை அலை அழித்தபோது பிழைத்தவர்கள் அச்சொல்லைத் தம் மக்களுக்கும் பேரர்க்கும் சொல்லிவைத்தனர். தாலாட்டிலும் நாட்டுப்பாடலிலும் அது இடம்பெற்றது. நிலம் வலிதாக நடுங்கி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்னும் அளவே அதன் பொருள். 97 ஆண்டுகள் சென்றபின், ‘ஸ்மோங்’ என்று ஒருவர் கூவியதும் ஊரே மலையேறிற்று. அச்சொல் கடலின் செயலைக் குறிக்கும் பெயராகவும், மக்களின் செயலை ஏவும் வினையாகவும் ஒருங்கே நின்றது.

நான்கு மணி நேரம் இருந்த இடத்தில் 52 உயிர்கள் போயின; பத்து நிமிடம் இருந்த இடத்தில் ஏழு போயின. அலையின் உயரம், கரையின் அமைப்பு, மேட்டின் அண்மை, விடுமுறை நாட்கூட்டம் ஆகியவை இடத்துக்கு இடம் வேறுபடும்; ஆதலின் இரண்டு எண்களையும் தராசில் வைத்து நிறுத்தல் முறையன்று. எனினும், கேட்டவுடன் காலை இயக்கும் சொல் எவ்வளவு செய்யவல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தமிழ் கண்ட கடற்கோள்

கடலின் சீற்றத்தைத் தமிழ் அறியாததன்று. உலகின் பழைய மொழிகளுள் இதைப்பற்றி இத்துணை நினைவுகளைச் சுமந்து வருவன மிகச் சிலவே. தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதை இறையனார் களவியலுரை கூறுகிறது. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுள் மறைந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. இந்திர விழாவை மன்னன் மறந்தமையால் காவிரிப்பூம்பட்டினம் கடலுள் மூழ்கியதாக மணிமேகலை கூறுகிறது. நிலத்தைக் கடல் கொண்டபின் பாண்டியன் வேற்று நாட்டு நிலத்தை வென்று அவ்விழப்பை நிரப்பிய செய்தி முல்லைக்கலியில் உள்ளது.

இந்நான்கையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஒன்று புலப்படும். முதல் இரண்டும் இழந்ததை எண்ணுகின்றன. மூன்றாவது, இழப்பிற்குக் காரணம் கற்பிக்கிறது. நான்காவது, இழந்தபின் ஈடு செய்ததைப் புகழ்கிறது. கடல் வருங்கால் கரையில் நின்றவர் எப்பக்கம் ஓடினார், எதைக் கண்டு ஓடினார், யார் சொல்லி ஓடினார் என்னும் செய்தி இவற்றுள் ஒன்றிலும் இல்லை. கடற்கோள் என்னும் சொல்லமைப்பே இதனைக் காட்டும். கொள்வது கடல், கொள்ளப்படுவது நிலம், மாந்தர்க்கு அச்சொல்லில் வேலையில்லை. 2004க்குப்பின் பரவலாக வழங்கிய ஆழிப்பேரலை என்னும் அழகிய சொல்லும் கடலின் தோற்றத்தையே வண்ணிக்கிறது. நம் சொற்கள் நினைவுக்கும் வருணனைக்கும் உரியவாய் நின்றன, ஏவலாக மாறவில்லை.

வருமுன் காவாதவன் வாழ்க்கை நெருப்பின்முன் வைக்கோற்போர் போல அழியும் என்னும் கருத்தை வள்ளுவர் குற்றங்கடிதல் அதிகாரத்தில் வைத்தார். அறிவுடைமை அதிகாரத்திலும் முன்னறிந்து காப்பாரின் சிறப்பை உரைத்தார். அஃது அறம். அறத்தை அந்தந்த இடத்துக்குரிய செயலாக விரித்துரைப்பது அறநூலின் வேலையன்று. பின்வந்தோர் செய்திருக்க வேண்டியது. இன்று வளாகத்திற்கு ஏடு எழுதுவோர் கையில் இருப்பது அவ்வேலையே. அவர்கள் எழுதுவது கடற்கோள் வரலாறாக முடியுமா, ஸ்மோங்காக நிற்குமா என்பதைப் பொறுத்தே அதன் தரம் அமையும்.

காலி இடமும் பூங்காவும்

எழுத்தின் குறை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு ஜப்பானிய நாட்டு ஒக்காவா தொடக்கப்பள்ளியின் வரலாறு கொடுமையான சான்று. இது பல்கலைக்கழகமன்று, ஆயினும் பணியாளர்க்கென எழுதிய ஏடு ஒன்றின் சொற்களை நீதிமன்றமே எடுத்து ஆராய்ந்த வழக்கு ஆதலின், வளாக ஏடுகளுக்கும் அளவுகோலாக நிற்பது. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்கு நிலம் நடுங்கிற்று. ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கட்டடத்திலிருந்து ஒழுங்காக வெளியே கொண்டுவந்து திடலில் நிறுத்தினர். அதுவரை யாவும் செம்மையாகவே நடந்தன. அலை வந்து சேர ஏறத்தாழ 50 நிமிடம் இருந்தது. பள்ளியின் பின்னே குன்று ஒன்றும் இருந்தது. ஆயினும் எங்குச் செல்வது என்பதில் பெரியவர்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. இறுதியில் ஆற்றுப் பாலத்தருகே இருந்த சற்று உயர்ந்த இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கினர். எதிரே நீர் வந்தது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மாண்டனர்.

பள்ளியில் ஏடு இல்லாமலில்லை. திடலுக்கு அப்பால் ஒதுங்க வேண்டிய இடமாக, அருகிலுள்ள காலி இடம், பூங்கா முதலியன என்னும் கருத்துப்பட அதில் எழுதியிருந்தது. அப்பெயருக்கேற்ற தக்க இடம் அங்கு இல்லை. ஏடு எழுதியவர்க்கு இடத்தின் பெயர் தேவைப்படவில்லை. இடம் என்னும் சொல் போதுமானதாய் இருந்தது. அச்சொல்லை நம்பி நின்றவர்க்கோ பெயரே தேவைப்பட்டது.

பெற்றோர் தொடுத்த வழக்கில் 2016ஆம் ஆண்டு கீழ்நீதிமன்றம், அன்றைய நாளில் ஆசிரியர்கள் எடுத்த முடிவைப் பிழையென்றது. 2018 ஏப்ரலில் செண்டாய் உயர் நீதிமன்றம் அதற்கும் முன்னே சென்றது. பள்ளி நிருவாகமும் கல்வி வாரியமும் முன்னரே அவ்வேட்டைத் திருத்தி, தக்க இடத்தையும் வழியையும் குறித்திருக்க வேண்டும் என்றும், திருத்தாமையே பிழை என்றும் அது தீர்த்தது. 2019இல் உச்ச நீதிமன்றத்தில் அத்தீர்ப்பு நிலைபெற்றது. குற்றத்தை அலை வந்த நாளிலிருந்து ஏடு எழுதிய நாளுக்கு அத்தீர்ப்பு நகர்த்திவிட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது. ஓர் எழுத்தின் மங்கலுக்காக நீதிமன்றம் நிருவாகத்தைப் பொறுப்பாக்கிய இவ்வழக்கை, எழுத்தைத் தொழிலாகக் கொண்ட ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

நன்னூல் கொண்டு நோக்கின்

நூலுக்கு ஆகாத குற்றம் பத்து என்று நன்னூல் வகுத்திருப்பது மாணாக்கரும் அறிந்தது. வளாக ஏடுகளை அப்பத்தின் முன் நிறுத்திப் பார்த்தல் பயனுடைய பயிற்சியாகும். எந்நாட்டு ஏட்டிலும் எதிர்ப்படக்கூடிய வாக்கிய வகை ஒன்றைத் தமிழில் இவ்வாறு அமைத்துக் காட்டலாம்: “அவசர நிலை ஏற்படும் பட்சத்தில், சம்பந்தப்பட்ட பணியாளர்கள் உரிய அதிகாரிகளின் வழிகாட்டுதலின்படி பாதுகாப்பான இடத்திற்கு வெளியேற்றப்படுவது உறுதி செய்யப்பட வேண்டும்.”

இலக்கணப் பிழை இதில் இல்லை. ஆயின், வெளியேற்றுபவர் யார்? எழுவாய் இல்லை. உறுதி செய்பவர் யார்? அவரும் இல்லை. சம்பந்தப்பட்டவர் யார், சம்பந்தப்படாதவர் யார்? உரிய அதிகாரி அன்று விடுப்பில் இருந்தால் யார் உரியவர்? பாதுகாப்பான இடம் எது? ஒக்காவாவின் காலி இடமும் பூங்காவும் இவ்வொரு தொடரிலேயே மீண்டும் வந்து அமர்ந்திருத்தல் காண்க. இது மயங்கவைத்தல் என்னும் குற்றம். நிறுவனத்தின் குறிக்கோளும் குழுக்களின் கட்டமைப்பும் பக்கம் பக்கமாக வந்தபின் மணி ஒலித்தால் செய்ய வேண்டுவது பின்னிணைப்பில் வருமாயின் அது மற்றொன்று விரித்தல். முதல் இயலில் தீயைப் பற்றி விரிவாகத் தொடங்கி, கடைசி இயலில் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் ஒருவரி ஒதுக்கினால் அது சென்று தேய்ந்து இறுதல். அலமாரியில் நிற்பதோடு முடிவது நின்று பயனின்மை.

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவது இயல்பு. அமைதியான வேளையில் அது நடைக்கு அழகு. புகை சூழ்ந்த மாடிப்படியில் நிற்பவர்க்கோ, வாக்கியம் முடியும் வரை காத்திருக்க நேரமில்லை. ஆகவே நீண்ட தொடரைச் சிறு தொடர்களாக உடைத்து, ஒவ்வொன்றிலும் வினை விரைந்து வருமாறு அமைத்தல் வேண்டும். “மணி ஒலித்தால் எழுங்கள். மின்தூக்கியில் ஏறாதீர்கள். படியில் இறங்குங்கள். திடலுக்குப் போங்கள். பெயர் கொடுங்கள்.” ஐந்து வினைகள், ஐந்து செயல்கள். திடல் எது என்பதை அந்தந்தக் கட்டடத்து மக்கள் வழங்கும் பெயராலேயே எழுதிவிட்டால் மயக்கத்துக்கு இடமேயில்லை.

இங்குத் தமிழாசிரியரிடையே ஒரு வாதம் எழக்கூடும். உயர்ந்தோர்க்கும் தாழ்ந்தோர்க்கும், ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் ஏற்ற வியங்கோள் நமக்கு இருக்க, எழுக, இறங்குக என்று எழுதலாகாதா எனலாம். மேடைக்கும் கல்வெட்டுக்கும் அது மிகப் பொருத்தம். ஆயினும் இரவுக் காவலரும், கூடம் பெருக்குபவரும், சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவரும் வளாகத்தின் பணியாளரே. பேராசிரியர்கள் வீடு சென்றபின்னும் கட்டடத்தில் இருப்பவர் அவர்களே. அவர்கள் அச்சம் வந்த பொழுதில் வீட்டுத் தமிழைத்தான் கேட்பர். எனவே மரியாதையும் எளிமையும் கூடிய ஏவற்பன்மையே இவ்வேட்டுக்கு ஏற்றது. தமிழுக்குப் பொருந்தும் இது மலாய்க்கும் பிறமொழிகளுக்கும் பொருந்தும். ஒரு மொழியில் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஒட்டாமல், அந்தந்த மொழியினர் ஆபத்தில் எப்படிக் கூவுவரோ அப்படியே எழுதப்பெறுதல் வேண்டும்.

கூறியது கூறலும் குணமாம்

பத்துக் குற்றங்களுள் ஒன்று மட்டும் இவ்வேட்டில் குணமாக மாறுகிறது. அதுவே கூறியது கூறல். கதவின் மேலும், படிக்கட்டின் அருகிலும், ஒலிபெருக்கியிலும், புதிய பணியாளரின் முதல்நாள் வகுப்பிலும் ஒரே சொல் ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வருதல் வேண்டும். ஓரிடத்தில் ஒன்றுகூடும் இடம் என்றும், வேறோரிடத்தில் அணிவகுப்புத் தளம் என்றும், மற்றோரிடத்தில் பாதுகாப்பு மையம் என்றும் நடைநயம் கருதி மாற்றி எழுதினால், மூன்று இடங்கள் உள என்று படிப்பவர் மயங்குவர். சிறுகதையில் குறையாகும் சொல்வறுமை இங்குச் செல்வமாகும்.

தமிழ் இலக்கணம் இதனை முன்னரே உணர்ந்துள்ளது. விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் ஆகியவற்றின்பால் ஒரு சொல் அடுக்கி வரும் என்று ஆசிரியர்கள் வகுப்பில் கற்பிக்கின்றனர். அதற்குப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் எடுத்துக்காட்டுகள் ‘பாம்பு பாம்பு’, ‘தீ தீ தீ’ என்பனவே. விரைவின்கண் அடுக்கும் சொல்லுக்கு மூன்று எல்லை என்று தொல்காப்பியர் வரையறையும் செய்தார். தேர்வில் ஓரிரு மதிப்பெண்ணுக்காக மனனம் செய்யும் இவ்விதி, உயிர்காக்கும் பேச்சின் இலக்கணம் என்பதை எத்தனை வகுப்பறைகள் எடுத்துரைக்கின்றன என்பது வினாவுக்குரியது. மூன்றுமுறை கூவு, அதன்பின் கூவிக்கொண்டே நில்லாமல் செயலில் இறங்கு என்று அவ்விதிக்கு இக்காலத்துக்கேற்ற உரை காண்பதில் தவறில்லை.

நூற்பா, காண்டிகை, விருத்தி

இவ்வளவும் ஏற்றபின்னும் ஒரு தடை நிற்கும். பல்கலைக்கழகம் என்பது மீனவர் தீவன்று. அங்கு வேதிப்பொருள் வைப்பறை உண்டு. கதிரியக்கப் பொருள் உண்டு. நூலகம், மருத்துவமனை, விடுதி உண்டு. உடற்குறையுடையோர் மேல்மாடியில் பணிபுரிவதுண்டு. இவை யாவற்றையும் ஒரு சொல்லில் அடக்க முடியுமா? முடியாது. ஸ்மோங் ஒரு தீங்குக்கு ஒரு விடை. அதுவும், நிலநடுக்கம் தொலைவில் நிகழ்ந்து அதிர்வு மெலிதாய் உணரப்படும் பினாங்குக்கு அச்சொல் மட்டுமே போதாது. எச்சரிக்கை நிலையங்களும் விரிவான ஏடும் தேவையே.

இத்தடைக்கு விடை தமிழ் நூன்மரபிலேயே இருக்கிறது. நம் முன்னோர் ஒரே பொருளை மூன்று அளவில் எழுதினர். மனப்பாடம் செய்ய நூற்பா. கருத்தும் சொற்பொருளும் எடுத்துக்காட்டும் சுருக்கமாய் அறியக் காண்டிகையுரை. இன்றியமையாதன யாவும் ஐயமறத் தெளிய விருத்தியுரை. மூன்றும் ஒன்றற்கொன்று பகையல்ல. வளாக ஏட்டையும் இவ்வாறே மூன்றாக வகுக்கலாம். ஐந்தாறு தொடரில் அடங்கும் நூற்பா வளாகத்தில் கால்வைக்கும் பணியாளர் அனைவர்க்கும் உரியது. காண்டிகை அந்தந்த மாடிக்கும் துறைக்கும் பொறுப்பேற்றவர்க்கு உரியது: எவரை எவர் தாங்கி இறக்குவது, எரிவாயுக் குழாயை அடைப்பவர் யார், அவர் இல்லையேல் யார் என்பன அதில் வரும். விருத்தி பாதுகாப்புக் குழுவுக்கு உரியது. சட்டமும் வரைபடமும் வேதிப்பொருட் பட்டியலும் 999க்கு அழைத்தபின் வெளியார்க்கு அறிவிக்கும் முறையும் அதில் இருக்கட்டும். குற்றம் நேர்வது, விருத்தியை எழுதிவிட்டு நூற்பாவை எழுத மறப்பதில்தான்.

நூற்பா இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதும் மறக்கற்பாலதன்று. கெளுகோர் வளாகத்தின் மாடியில் இருப்பவர்க்கு, இறங்கித் திடலுக்குப் போவது விதியாகலாம். கடலாய்வு நிலையங்கள் போன்ற கரையோரப் பணியிடத்தில் இருப்பவர்க்கோ, நிலம் வலிதாய் அதிர்ந்தாலும் கடல் உள்வாங்கினாலும் யாருடைய ஆணைக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஏறுவதே விதி. ஒருவர்க்கு இறங்கு; மற்றவர்க்கு ஏறு. 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் பினாங்குத் தீவு வெள்ளத்தையும் மண்சரிவையும் ஒருங்கே கண்டது. அத்தகைய நாளில் தாழ்நிலத்தில் இருப்பவர் மேட்டை நாட வேண்டும். மலைச்சரிவின் அடியில் இருப்பவர் சரிவை விட்டு விலக வேண்டும். மலைப்பாதை அடைபட்டால், அவசரகாலப் பொறுப்பாளர் மலைக்கு அப்பால் வீட்டிலேயே இருக்க நேரும். பொறுப்பாளர் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் ஏடு அன்று ஊமையாகிவிடும்.

காத்திருத்தல் என்பது பணியாளரிடையே ஊறிய பழக்கம். தோட்டங்களில் தண்டலின் சொல்லுக்குக் காத்திருந்த தலைமுறைகள் இந்நாட்டுத் தமிழர்க்கு உண்டு. ஆதலின் இதன் வலிமையை அவர்க்கு விளக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தம் இங்கு ஒரு புதிய சொல்லைத் தந்துள்ளது. உடனடி ஆபத்து உண்டென்று கருதத் தக்க காரணம் இருந்து, பணியில் அமர்த்தியவர் அதனை நீக்காதபோது, பணியாளர் அவ்விடத்தை விட்டு நீங்கலாம் என்பது அவருடைய உரிமையாக எழுதப்பட்டுள்ளது. விருத்தியின் நடுப்பகுதியில் புதைத்துவைக்க வேண்டிய செய்தியன்று இது; நூற்பாவில் வரவேண்டியது.

தோட்ட வாழ்விலிருந்து கொள்ளத்தக்க நல்ல வழக்கம் ஒன்றும் உண்டு. பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதை அறியாத தோட்டத்து முதியவர் இலர். அங்கு அது வேலை வாங்குவதற்காக நடந்தது. வளாகத்துத் திடலில் அதே எண்ணிக்கை உயிர் தேடுவதற்காக நடக்கும். எண்ணப்படாதவர் தேடப்படுவதில்லை. அன்றாட ஒப்பந்தக்காரரின் ஆட்களையும் வந்துபோகும் விருந்தினரையும் பெயர்ப் பட்டியலில் சேர்க்காத ஏடு, குன்றக்கூறல் என்னும் குற்றத்துக்கு உரியதாகும்; அக்குற்றத்தின் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம்.

அரங்கேறாத நூல்

நூல் எழுதி முடித்தவுடன் நூலாகிவிடுவதில்லை. அவையில் அரங்கேறி, அறிஞர் எழுப்பிய தடைகளுக்கு விடைகூறிய பின்னரே அது நூலாகும் என்பது நம் மரபு. வளாக ஏட்டுக்கு அரங்கேற்றம் என்பது பயிற்சி ஒத்திகையே. மணி அடித்துப் பார்த்தால்தான் மூன்றாம் மாடியில் மணி கேட்கவில்லை என்பது தெரியும். இறங்கிப் பார்த்தால்தான் பின்படியின் கதவு பூட்டியிருப்பது தெரியும். அவையோர் எழுப்பும் தடைகள் இவையே. விடைகூறி ஏட்டைத் திருத்துதல் ஆசிரியன் கடன்.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலையில் கோலாலம்பூரில் சமயப்பள்ளி விடுதி ஒன்று எரிந்தபோது, மாணவரும் விடுதிக் காப்பாளருமாக 23 பேர் மாண்டனர். வெளியேறும் வழியைத் தீ மறித்தது. பலகணிகளில் இரும்புக் கம்பிகள் இருந்தன. வழி என்று சொல்லில் இருப்பது கல்லிலும் மரத்திலும் வழியாக இருக்கிறதா என்பதைக் கால்கள்தாம் சோதிக்க முடியும். ஒத்திகையை ஆண்டுக்கொருமுறை படம் எடுத்துக்கொள்ளும் விழாவாக நடத்துவோர் தம் நூலை வெறும் அவையில் அரங்கேற்றியவர் ஆவர். முன்னறிவிப்பின்றியும், இரவிலும், பொறுப்பாளர் இல்லாத நாளிலும் நடத்திப் பார்ப்பதே மெய்யான அரங்கேற்றம்.

தமிழாசிரியர்கள் இப்பணியில் செய்யக்கூடியது மிகுதி. தம் கல்வி நிலையத்தின் ஏட்டை அலமாரியிலிருந்து எடுத்து, சிவப்பு மையால் எழுவாயற்ற தொடர்களைக் கோடிட்டுக் காட்டலாம். பாதுகாப்பான இடம் என்று வருமிடமெல்லாம் இடத்தின் பெயரைக் கேட்கலாம். நூற்பா இல்லையேல் எழுதிக் கொடுக்கலாம். அதனைக் காவலரும் சமையற்காரரும் திரும்பச் சொல்லுகின்றனரா என்று கேட்டுப் பார்க்கலாம். அடுக்குத்தொடர் நடத்தும் பாடவேளையில் ‘தீ தீ தீ’ என்பதற்குப் பின் செய்ய வேண்டுவது யாது என்று பிள்ளைகளையே வினவலாம். சிமலூத் தீவில் 1907ஆம் ஆண்டின் முதியோர் செய்தது இதனினும் பெரிதன்று. அவர்கள் ஒரு சொல்லைத் தேர்ந்தனர். அதனைப் பிள்ளைகள் நாவில் வைத்தனர். 97 ஆண்டு கழித்து அது விளைந்தது.